நஞ்சுக்கொடி தடுக்காத நஞ்சு

இவ்வாண்டு ஆடி மாதத்து ஞாயிறொன்றில் நாம் திருத்தணிக்குப் போயிருந்தோம். கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தபடியால் ஊரெங்கும் காவடியும் மஞ்சள் ஆடையுமாக இருந்தது. மலைக்கோயிலுக்கு 365 படிகள் உண்டெனினும் முதியவர்களும் கைக்குழந்தை உடையவர்களும் ஆட்டோவையும் வேனையுமே நாடுகின்றனர். வண்டிகளுக்கு ஓய்வில்லாத நாள்களில் பாட்டரிக் கடைகளுக்கும் ஓய்வில்லை. இம்மாதம் நாம் எழுதப் புகும் செய்தி அத்தகைய கடை ஒன்றில்தான் தொடங்குகிறது.

நமக்கு உறவினரான குடும்பம் ஒன்று அங்கே இரயில் நிலையத்துப் பக்கமாக வாழ்ந்து வருகிறது. திருப்பலி முடிந்து அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது அண்டை வீட்டு மருமகள் வந்தாள். அவளும் நம் பங்கைச் சேர்ந்தவளே. ஏழாம் மாதம் பிறந்திருந்தது. முகத்தில் களிப்பில்லை. ஈராண்டுகளுக்கு முன் ஆறாம் மாதத்தில் ஒரு குழந்தையை இழந்தவள் என்று பின்னர் அறிந்தோம். உடன் வந்த மாமியார் நகரிப் பக்கத்தவர். திருத்தணி 1960ஆம் ஆண்டு வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊராதலால் அங்கே பாதிக் குடும்பங்களுக்கு எல்லைக்கு அப்பாலும் உறவுண்டு. அந்த அம்மையார் தெலுங்கு கலந்த தமிழில் நம்மிடம் முறையிட்டார்:

"போன தடவை டாக்டரம்மா சொன்னாங்கய்யா, இவளுக்கு நஞ்சு சரியில்லையாம். வயித்துலயே நஞ்சை வெச்சிருக்கிறவளுக்குப் புள்ள எப்படித் தங்கும்?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஈராண்டுகளாக இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத் தானும் அதை நம்பிவிட்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

ஒரு சொல் செய்த கொடுமை இது. கருவுக்கு உணவூட்டும் உறுப்பை நம் முன்னோர் நஞ்சுக்கொடி என்றனர். பேச்சு வழக்கில் 'நஞ்சு' என்றே சொல்கிறோம். பேறு முடிந்ததும் "நஞ்சு விழுந்ததா?" என்று மருத்துவச்சி கேட்பது நம் வீட்டுப் பாட்டிமார் அனைவரும் அறிந்ததே. குழந்தை பிறந்த பின்னும் அது உள்ளேயே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கு ஆபத்து என்பதனால் இப்பெயர் வந்ததோ என்னவோ! பெயரைக் கொண்டு அதனை விடம் என்று எண்ணுதல் பெரும் பிழை. குழந்தைக்கென்றே கர்ப்பகாலத்தில் புதிதாக உருவாகி, வேலை முடிந்ததும் கழன்று விழும் உறுப்பு அது. நிறைமாதத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்கும். மரத்தின் வேர் மண்ணுள் நுண்ணிய முடிகளை விடுவது போல, அதிலிருந்து எண்ணற்ற மெல்லிய விரல்கள் தாயின் இரத்தத்தினுள் தோய்ந்து நிற்கின்றன. அவ்விரல்களின் உள்ளே குழந்தையின் இரத்தம். வெளியே தாயின் இரத்தம். இரண்டும் கலப்பதில்லை. நடுவிலுள்ள மெல்லிய திரையின் வழியே பிராணவாயுவும் உணவும் உள்ளே செல்கின்றன. கழிவுகள் வெளியே வருகின்றன.

இத்திரை தீயவற்றையெல்லாம் தடுத்துவிடும் என்று மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியிருந்தது. தாலிடோமைடு என்னும் மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் குறையுற்ற குழந்தைகள் பிறந்தது 1961ஆம் ஆண்டில் வெளியானபோது அந்நம்பிக்கை தகர்ந்தது. ஆயினும் ஈயத்தைப் பொறுத்தவரை அதற்கு நூறாண்டுக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. பிரான்சு நாட்டு மருத்துவர் கான்ஸ்டன்டின் பால் என்பவர் 1860ஆம் ஆண்டிலேயே, ஈயத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கருச்சிதைவும் இறந்து பிறத்தலும் மிகுதியாக நேர்வதை எழுதி வைத்தார். கணவன் மட்டுமே ஈய வேலை செய்த குடும்பங்களிலும் அத்துன்பம் காணப்படுவதாக அவர் குறித்திருந்தார். இந்த இரண்டாவது குறிப்பை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். திருத்தணி வீட்டிற்கு அது தேவைப்படும்.

ஈயம் என்றவுடன் ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். பித்தளைப் பாத்திரத்திற்குப் பூசுவதும், கும்பகோணத்து ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தால். அது தூய்மையாக இருக்கும்வரை அஞ்ச வேண்டுவதில்லை. பாட்டரியினுள் இருப்பது காரீயம்; சித்த மருத்துவ நூல்கள் கருவங்கம் என்று கூறுவதும் இதையே. கரிய நிறமும் மிகுந்த கனமும் உடையது; எளிதில் உருகும்; விலையும் மலிவு. மலிவாக இருப்பதனாலேயே வெள்ளீயத்தில் அதனைக் கலந்துவிடும் கயமையும் நடைபெறுகிறது. கலப்பட ஈயச் சொம்பில் புளி ரசம் கொதித்தால், புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தோடு சேர்த்துவிடும். (பென்சிலினுள் இருப்பதையும் காரீயம் என்பார்கள்; அது ஈயமே அன்று, ஒருவகைக் கரி. பென்சிலைக் கடிக்கும் சிறுவர்களின் தாய்மார் இவ்வகையில் கவலை கொள்ள வேண்டாம்.)

இனி, இக்காரீயம் நஞ்சுக்கொடியை எவ்வாறு கடந்து செல்கிறது என்பதைக் காண்போம். அது பகைவனைப் போல் மதிலேறி வருவதில்லை. வீட்டுப் பிள்ளையின் வேடத்தில் வாயில் வழியாகவே வருகிறது. நம் உடல் காரீயத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் பல இடங்களில் வேறுபடுத்தி அறிவதில்லை. கருவின் எலும்புகள் உருவாக, பிறப்பதற்குள் 30 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து தாயிடமிருந்து செல்ல வேண்டும்; அதிலும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில். அது செல்லும் கூட்டத்தோடு காரீயமும் கலந்து செல்கிறது. கருவுற்ற 12 முதல் 14 வாரங்களிலேயே காரீயம் கருவைச் சென்றடைகிறது என்பதை டொனால்ட் பார்ல்ட்ராப் என்ற ஆங்கில மருத்துவர் 1969ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துப் பார்த்தால், தாயின் இரத்தத்தில் உள்ள ஈயத்தில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு வரை அதில் காணப்படுகிறது. தடுப்பு எவ்வளவு குறைவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடந்து செல்வதோடு அது நிற்பதுமில்லை. ஒரு பகுதி நஞ்சுக்கொடியிலேயே தங்கி அதனையும் கெடுக்கிறது. கர்ப்பகாலத்தில் கருப்பையின் இரத்தக் குழாய்கள் அகன்று விரிந்து நஞ்சுக்கொடிக்கு இரத்தத்தை வாரி வழங்க வேண்டும். காரீயம் அக்குழாய்கள் இளகுவதைத் தடுத்து இறுகச் செய்கிறது. திசுக்களை அரிக்கும் வேதிப்பொருள்களைப் பெருக்குகிறது. நுண்விரல்களின் வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. வரத்துக்கால் தூர்ந்த ஏரியைப் போல் நஞ்சுக்கொடி வலுவிழக்க, குழந்தையின் எடை குறைகிறது. சிலருக்குக் குறைமாதத்தில் பேறு நேர்கிறது. சிலருக்குக் கருவே நிலைப்பதில்லை. தாய்க்கும் இரத்த அழுத்தம் ஏறுகிறது. கை கால் முகம் வீங்கிச் சிறுநீரில் புரதம் போகும் நிலையைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட கட்டுரையொன்று, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில், அதாவது 100 மில்லிலிட்டரில், ஒரு மைக்ரோகிராம் ஈயம் கூடும்போது அந்நோய் வருவதற்கான வாய்ப்பு 1.6 விழுக்காடு உயர்கிறது என்கிறது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமை பத்து இலட்சமாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு.

தென் ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரி என்ற ஊர் உள்ளது. பெரிய ஈய உருக்காலையை நம்பி வாழும் ஊர் அது. அங்கே 1979ஆம் ஆண்டு முதல் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தனர். இரத்தத்தில் ஈயம் மிகுந்தவர்களுக்குக் குறைப்பேறு மிகுதியாக நேர்ந்தது. நஞ்சுக்கொடிகளையும் ஆய்ந்தனர், பேறுகாலம் நெருங்கி இறந்து பிறந்த குழந்தைகளின் நஞ்சுக்கொடியிலும் அதன் சவ்விலும் காரீயம் கூடுதலாக இருந்தது. மெக்சிகோ நகரத்தில் நடந்து 1999இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நாம் 'அதிகம்' என்று எண்ணாத அளவுகளிலேயே கருச்சிதைவு கூடுவதைக் காட்டியது. தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றைய கருத்து. 5 மைக்ரோகிராம் காணப்பட்டாலே, எங்கிருந்து வருகிறது என்று தேடி அதனை அகற்றுமாறு அந்நிறுவனம் 2021ஆம் ஆண்டில் நெறிமுறை வகுத்தது.

மற்றொரு செய்தியும் உண்டு. இது நம்மில் பலரைத் திடுக்கிடச் செய்யும். நேற்று உண்ட ஈயம் மட்டுமன்றி, இருபது ஆண்டுகளுக்கு முன் உண்ட ஈயமும் இன்று கருவைச் சென்றடையக்கூடும். உடலில் சேரும் காரீயத்தின் பெரும்பகுதி எலும்பில் போய்த் தங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. கர்ப்பகாலத்தில் உணவில் சுண்ணாம்புச் சத்து போதாதபோது உடல் தாயின் எலும்பைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிறது. அப்போது பழைய ஈயமும் வெளிப்படுகிறது. வேறு நாடுகளிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பெண்களின் இரத்தத்தைப் பிரையன் கல்சன் என்ற அறிஞர் ஆராய்ந்தார். ஈயத்திற்கு, அது வெட்டியெடுக்கப்பட்ட இடத்திற்கேற்பத் தனி அடையாளம் உண்டு. கர்ப்பகாலத்தில் அப்பெண்களின் இரத்தத்தில் பிறந்த நாட்டு ஈயம் மீண்டும் தலைகாட்டியதை 1997இல் அவர் மெய்ப்பித்தார். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றிலும் நின்றது 2000ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் சென்னை, திருப்பதி நெடுஞ்சாலை ஓரங்களில் விளையாடிய சிறுமியர் சிலர் இன்றும் தாய்மை அடையும் வயதில் இருக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் மாறியும் துன்பம் உடனே ஓயவில்லை. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளை ஆய்ந்து 2009இல் வெளியிடப்பட்ட அறிக்கையில் அவர்களது இரத்த ஈயத்தின் சராசரி 11.4 மைக்ரோகிராம்.

திருத்தணிக்குத் திரும்புவோம். அன்று மாலை அந்த வீட்டிற்கு நாம் சென்றோம். பின்கட்டில், துளசிச் செடிக்கும் துவைகல்லுக்கும் நடுவே, கரி அடுப்பும் புகையேறிய இரும்புச் சட்டியும் கிடந்தன. மகன் கடையில் பாட்டரி பழுது பார்ப்பவர். பகலில் கழித்த பழைய தகடுகளை இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, உருக்கி, கட்டியாக வார்த்து விற்கிறார். கூலி போதாத குடும்பத்திற்கு அது ஒரு கைவருமானம். மருமகள் துவைகல்லில் அவர் சட்டையைத்தான் அன்றும் துவைத்துக்கொண்டிருந்தாள். உதறும்போது சாம்பல் நிறப் பொடி பறந்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் பாரிசில் அந்த மருத்துவர் கண்ட காட்சியை நாம் அங்கே கண்டோம்.

முதற் குழந்தை ஈயத்தினால்தான் போயிற்று என்று அறுதியிட்டுக் கூற இயலாது. நஞ்சுக்கொடி வலுவிழக்கக் காரணங்கள் பல. ஆனால் அந்தப் பெண்ணின் 'வயிற்று நஞ்சு' காரணமன்று என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம். அதை மாமியாரிடம் கூறினோம். "அவள் உடம்பு நஞ்சைச் சுமக்கவில்லை அம்மா, உங்கள் பின்கட்டு சுமக்கிறது" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு வருந்தினோம். உழைத்துச் சோறு போடும் மகனைக் குற்றவாளியாக நிறுத்துவதும் நியாயமில்லையே! அந்தத் தூசியை முதலில் மூச்சில் வாங்குபவர் அவர்தாம்.

இது ஒரு வீட்டின் கதையுமன்று. 1919ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, ஈய வேலைகளிலிருந்து பெண்களையும் சிறாரையும் காக்க வேண்டுமெனத் தன் முதற் கூட்டத்திலேயே பரிந்துரைத்தது. ஆலைக்குள் அப்பாதுகாப்பு ஓரளவு வந்தது. ஆலைக்கு வெளியே, வீட்டுக் கொல்லையில், எந்தச் சட்டம் எட்டிப் பார்க்கிறது? திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் பழைய பாட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகள் உள்ளன. எல்லைக்கு அப்பால், அன்றைய சித்தூர் மாவட்டத்திலிருந்த பெரிய பாட்டரி ஆலைகள் இரண்டை, ஈய மாசைக் காரணங்காட்டி மூடுமாறு ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021 ஏப்ரலில் ஆணையிட்டது. மே மாதத்தில் உயர்நீதிமன்றம் அவ்வாணையை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. பல்லாயிரவர் பிழைப்பு ஒருபுறம், அவர்களது உடல்நலம் மறுபுறம். இவ்வழக்கின் நியாயத்தைத் தீர்ப்பது நம் வேலையன்று. எனினும் அத்தொழிலில் உள்ளோர் தம் இரத்தத்தைச் சோதித்த முடிவைக் கேட்டு வாங்கி, மனைவியோடு அமர்ந்து படித்தறியலாம் அல்லவா?

பாட்டரியோடு தொடர்பில்லாத வீடுகளுக்கும் ஈயம் வரும் வழிகள் உண்டு. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2011, 2012ஆம் ஆண்டுகளில் ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் 16 முதல் 64 மைக்ரோகிராம் வரை ஈயம் இருக்கக் கண்டது. ஆறு பேரும் இந்தியாவில் செய்யப்பட்ட ஆயுர்வேத மாத்திரைகளை உட்கொண்டவர்கள். நம் நாட்டு மருத்துவத்தை இழித்துரைக்க இதைச் சொல்லவில்லை. நாமும் சுக்குக் கஷாயம் குடித்து வளர்ந்தவர்களே. ஆயினும் கருவுற்றிருக்கும்போது பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளை, பதிவு பெற்ற மருத்துவரின் சொல்லின்றி வாயில் வைக்கலாகாது. வங்காளதேசத்தில் கர்ப்பிணிகளின் இரத்தத்திலிருந்த ஈயத்தைப் பின்தொடர்ந்து போனவர்கள், பளபளப்புக்காக மஞ்சளில் தேய்த்த ஈயக் குரோமேட்டு என்ற நிறப்பொடியைக் கண்டறிந்தனர். 2019இல் அது வெளியாக, அரசு கடுமை காட்ட, ஈராண்டுகளில் சந்தை மஞ்சள் தூய்மை அடைந்தது. மஞ்சள் கிழங்கை வாங்கிக் கழுவி வெயிலில் காயவைத்து அரைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடாத இல்லத்தரசியர் அறிவுடையோர். மலிவான குங்குமத்திலும் சிந்தூரத்திலும் செவ்வீயப் பொடி கலப்பதுண்டு. கடற்கரைப் பங்குகளில் வலைக்குக் கோக்கும் ஈயக்குண்டுகளை வீட்டு அடுப்பிலேயே உருக்கி வார்ப்போர், அந்த அடுப்பில் உலை வைக்காதிருப்பார்களாக. மண்ணும் செங்கல் துண்டும் தின்னும் மசக்கை ஆசையும் வேண்டாம். மண்ணில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

கிறிஸ்மஸ் நெருங்குகிறது. வீட்டுக்கு வண்ணம் பூசுவோம். பழைய குடில் சுரூபங்களைச் சுரண்டிப் புது வண்ணம் தீட்டுவோம். வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வண்ணத்தில் எவ்வளவு இருக்குமென்று சொல்வதற்கில்லை. ஆகவே, பழைய கதவு சன்னல்களை உப்புத்தாளால் தேய்க்கும் வேலையைக் கர்ப்பிணியிடம் விடவே கூடாது. தேய்ப்பவரும் ஈரம் செய்துகொண்டு தேய்க்க வேண்டும். அப்பொழுது அவளை அடுத்த தெரு உறவினர் வீட்டில் இருக்கச் செய்தல் நலம்.

அஞ்சி ஒடுங்கவும் தேவையில்லை. மெக்சிகோ நகரத்தில் கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து கொடுத்துப் பார்த்ததில், அவர்கள் இரத்த ஈயம் சராசரி 11 விழுக்காடு குறைந்ததென 2009இல் வெளியிட்டனர். உணவிலிருந்து போதிய சுண்ணாம்பு கிடைத்தால் உடல் எலும்பை அதிகம் கரைப்பதில்லை; ஈயமும் உறங்குகிறது. இரும்புச் சத்து குறைந்த உடல் ஈயத்தை ஆவலோடு உறிஞ்சும். நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர், 52.2 விழுக்காட்டினர், இரத்தசோகை உடையவர்கள் என 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் "மலம் கறுக்கிறது, குமட்டுகிறது" என்று பரணில் போட்டு வைப்போர் எத்தனை பேர்! கேழ்வரகுக் கூழும் மோரும் முருங்கைக் கீரையும் எள்ளும் நம் வீடுகளில் இல்லாதவை அல்ல. இரண்டு மாத்திரைகளையும் ஒரே வேளையில் விழுங்காமல் சில மணி நேரம் இடைவெளி விடுதல் வேண்டும். ஈயத்தை இறக்குவதாகச் சொல்லி யாரேனும் தரும் மருந்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். தாய்ப்பாலையும் தாமாகவே நிறுத்த வேண்டாம். இரத்த ஈயம் மிகமிக உயர்ந்தவர்களுக்கன்றி மற்றவர்களுக்குத் தாய்ப்பால் தடையில்லை.

கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யும் இரத்தச் சோதனையில் ஈயம் இடம் பெறுவதில்லை. கணவரின் தொழிலைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டால்தான் நடக்கும். நமக்கு அறிமுகமான மகப்பேறு மருத்துவர் எழுதிக்கொடுக்க, திருத்தணிப் பெண்ணின் இரத்தம் சென்னை ஆய்வகத்திற்குச் சென்றது. முடிவு அந்த ஐந்தைத் தாண்டியே இருந்தது. அன்றிரவே கரி அடுப்பு வீட்டைவிட்டு வெளியேறியது. கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார். பின்னர் வேலைச் சட்டையை மாட்ட ஓர் ஆணியும், குளிக்கத் தண்ணீரும் கடையிலேயே கொடுத்தார். பின்கட்டு மண்ணை நனைத்து, அள்ளாமல், மேலே சிமெண்டு போட்டனர். வறண்ட துடைப்பத்திற்குப் பதில் ஈரத்துணியால் வீட்டைத் துடைத்தனர். அந்த மாதத்துக் கைவருமானம் போயிற்று. அதனை ஈடு செய்ய யாரும் வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஐப்பசியில், நாள் நிறைந்து, பெண் குழந்தை பிறந்தது. எடை சற்றுக் குறைவு, அழுகைக்குக் குறைவில்லை. கார்த்திகையில் நாம் மறுபடி சென்றிருந்தோம். பேத்தியை மடியில் கிடத்தியிருந்த அந்த அம்மையார் நம்மிடம் மருமகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் மகன் வாசலில் வந்து நின்றார். அன்று அவசரத்தில் கடைச் சட்டையோடு வந்துவிட்டார் போலும்.

"அங்கேயே நில்லுடா. அதைக் கழட்டிப் போட்டுக் குளிச்சுட்டு உள்ளே வா" என்றார் தாயார், குழந்தையின் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு.